பத்துப் பேர்ச் காணியும் பக்கத்து வீட்டுக் கிணறும்

கொழும்பிலிருந்து புத்தளத்துக்கு நீங்கள் பஸ்ஸில் வந்திருக்கக் கூடும். புத்தளம் நகரத்துக்குச் சற்று முன்னதாகப் பாலாவி என்றொரு சந்தி வரும். நடத்துனர் பெயரைச் சொல்லிக் கூவுவார்; பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அந்தச் சந்தியில் இறங்கி, கற்பிட்டிக்குப் போகும் வீதியில் திரும்பிப் பாருங்கள். முதலில் உப்பளங்கள். அதைத் தாண்டியதும் நிலம் ஒடுங்கத் தொடங்கும். வலது கைப் பக்கம் களப்பு, இடது கைப் பக்கம் கடல், நடுவே மணலும் தென்னையுமாக ஒரு நீண்ட நாக்கு. கரம்பை, நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். மிளகாய்ப் பாத்தி, வெங்காயப் பாத்தி, பீற்றூட் பாத்தி. வீதியில் படுத்துக் கிடக்கும் கழுதைகள். அவற்றுக்கு ஹோர்ன் அடித்தாலும் எழும்பத் தோன்றாது. தூரத்தில் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் புகைக்கூண்டு, எந்த ஊரில் நின்று பார்த்தாலும் தெரியும்.

இந்த வீதியோரத்தில்தான் முப்பது வருடங்களுக்கு மேலாக நான் வசித்து வருகிறேன். ஆலங்குடாப் பக்கத்தில் ஓர் ஒழுங்கை. அதில் பத்துப் பேர்ச் காணி, ஒரு வீடு, ஒரு கிணறு. அண்மையிலுள்ள பாடசாலையில் இஸ்லாம் பாடம் கற்பிக்கிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் எனது பழைய மாணவர் ஒருவர். கட்டாரில் தொழில் செய்கிறார். கொழும்பில் பிறந்தவர், நான் அரபுக் கல்லூரியிலிருந்து வெளியாகிய புதிதில் கொழும்பில் ஓதிக் கொடுத்த காலத்துப் பழக்கம். ஒரு வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டார்:

"ஹஸரத், உங்கட பக்கம் காணி நல்லா விலை ஏறுதாம். தென்னந்தோட்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு விக்கிறாங்களாம். ஒரு பத்துப் பேர்ச் எடுத்துப் போட்டா என்ன?"

"எடுத்துப் போடுவது" என்ற அந்தச் சொல் என் மனதில் தைத்து நின்று விட்டது. அவருக்குத் தொலைபேசியில் சொல்லி முடியாததை உங்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்த ஊர்கள் எப்படிப்பட்ட ஊர்கள் என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். பார்வைக்கு நுரைச்சோலை ஒரு சிறு நகரம் போல இருக்கும். வங்கி இருக்கிறது, பாமசி இருக்கிறது, தொலைபேசிக் கடைகள் இருக்கின்றன, பின்னேரமானால் வீதியோரத்தில் கொத்துரொட்டிச் சத்தம் கேட்கும். ஆனால் அரசாங்கத்தின் கணக்கில் இது கிராமம். நம் நாட்டில் மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் இருப்பது மாத்திரமே நகரம். மற்றவையெல்லாம் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டத்தினால் உருவான பிரதேச சபைகளின் கீழ் வருகின்றன. அதனால்தான் 2012 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் நகரங்களில் வாழ்வோர் 18.2 சதவீதம் மட்டுமே என்று வந்தது. மீதிப் பேர் கிராமத்திலும் தோட்டப்புறத்திலும் வாழ்வதாகக் கணக்கு. அந்த மீதியில் எத்தனை ஊர்கள் நுரைச்சோலையைப் போலக் கடையும் வங்கியும் நெருக்கடியுமாக நகரத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கின்றன என்பதைப் பயணம் செய்கின்ற எவரும் அறிவர்.

சட்டை மட்டுந்தான் நகரத்தினுடையது. வடிகான் இல்லை. கழிவு நீர் போக வழி இல்லை. ஆளுக்கொரு கிணறு, ஆளுக்கொரு மலக்குழி.

நாங்கள் இங்கு வந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1990 ஒக்டோபர் கடைசியில் வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது எங்கள் எருக்கலம்பிட்டி மக்கள் மன்னார்த் தீவிலிருந்து வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்போது எனக்குப் பத்து வயது. உம்மாவின் மடியில் கிடந்தபடி கடல் நீரில் நனைந்த ஓர் உடுப்பு மூட்டையைக் கட்டிப் பிடித்திருந்ததுதான் நினைவிருக்கிறது. கரையில் நின்றவர்கள் சோற்றுச் சட்டியோடு நின்றார்கள். பள்ளிவாசலைத் திறந்து விட்டார்கள், பாடசாலையைத் திறந்து விட்டார்கள், பிறகு தென்னந்தோட்டங்களையும் திறந்து விட்டார்கள். அந்த நன்றியை எழுதாமல் இந்தப் பிரதேசத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதும் நியாயமாகாது. சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பாலானோர் இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே வந்தார்கள். வந்தவர்கள் போய்விடுவார்கள் என்று அவர்களும் நினைத்தார்கள், போய்விடுவோம் என்று நாங்களும் நினைத்தோம். பின்னாளில் பாடசாலையில் இடத்துக்கும் தோட்டத்தில் கூலிக்கும் உள்ளூராருக்கும் எங்களுக்கும் இடையே மனக்கசப்புகள் வந்ததும் உண்மை. ஒரு வீட்டு விருந்தாளி பத்து வருடம் தங்கினால் எந்த வீட்டிலும் அது வரும்.

வாப்பா காணி வாங்கச் சம்மதிக்கவே இல்லை. கிடுகுக் கொட்டிலில் ஏழு வருடம் இருந்தோம். யாராவது காணிப் பேச்சு எடுத்தால், "சொந்த ஊர்ல காணிய வச்சிக்கிட்டு வேற ஊர்ல காணி வாங்குறவன் திரும்பிப் போக மாட்டான்" என்பார். எருக்கலம்பிட்டி உறுதியைப் பொலித்தீன் உறையில் சுற்றித் தலையணைக்குள் வைத்திருந்தார். உப்புக் காற்றில் அது பழுதாகிவிடுமோ என்று மாதமொரு முறை எடுத்து வெயிலில் காட்டுவார்.

ராத்தாவுக்குக் கலியாணம் பேசியபோதுதான் அந்த உறுதி தளர்ந்தது. அகதி முகாமுக்குள்ளும் மாப்பிள்ளை வீட்டார் "ஒரு துண்டுக் காணியாவது" என்று கேட்டார்கள். (பெண்ணிடம் வீடு கேட்பதைப் பற்றி மிம்பர்களில் நான் பேசாத வருடமில்லை. மஹர் கொடுக்க வேண்டியவன் வீடு கேட்கிறான். இந்தப் பிரதேசத்தின் தென்னந்தோட்டங்கள் ஐந்தும் பத்துமாகப் பேர்ச் கணக்கில் துண்டாடப்படுவதற்கு நம்முடைய இந்த வழக்கமும் ஒரு காரணம் என்பதைக் காணி விற்பவர்களே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.) 1997 இல் வாப்பா இருபது பேர்ச் வாங்கினார். ராத்தாவுக்குப் பத்து, எங்களுக்குப் பத்து. விற்றவர் ஊரிலே மரியாதையான ஒரு பெரியவர். தவணைக்குக் காசு வாங்கிக்கொண்டார். முத்திரை ஒட்டிய ஒரு கடதாசியில் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார். நொத்தாரிசிடம் போகவில்லை. அந்தக் காலத்தில் யார் போனார்கள்? ஒருவர் சொல்லை ஒருவர் நம்பினோம்.

இங்கே வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். நம் நாட்டில் 1840 ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்படாத காணி விற்பனை, சட்டத்தின் கண்ணில் விற்பனையே அல்ல. முத்திரை ஒட்டினாலும் சரி, கிராம உத்தியோகத்தர் ஒப்பமிட்டாலும் சரி. எங்கள் கையில் இருந்தது காசு கொடுத்ததற்கு ஓர் அத்தாட்சி, அவ்வளவுதான்.

இன்னொரு நம்பிக்கையும் முகாம் மக்களிடையே பரவலாக இருந்தது: பத்து வருடம் குடியிருந்துவிட்டால் காணி நம்முடையது என்று. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம் பத்து வருடத்தைச் சொல்கிறது உண்மைதான். ஆனால் சொந்தக்காரனின் உரிமையை ஏற்காமல், அவனுக்கு எதிராக ஆண்டு வந்த பத்து வருடத்தைத்தான் அது சொல்கிறது. "இருந்துட்டுப் போங்க" என்று அவர் இடம் தந்து, நாம் இருந்திருந்தால், முப்பது வருடமானாலும் நாம் அவருடைய அனுமதியில் இருப்பவர்களே. இடம் தந்த மனிதனின் நல்ல மனதையே அவனுக்கு எதிரான ஆதாரமாக்குவது மார்க்கத்துக்கும் பொருந்தாது.

2003 இல் அந்தப் பெரியவர் மௌத்தானார். 2007 இல் உலக வங்கியின் கடனுதவியோடு இடம்பெயர்ந்தோருக்கான புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. காணி உரிமைக்கு அத்தாட்சி இருப்பவர்களுக்கே வீடு கட்டப் பணம். நாங்கள் எங்கள் கடதாசியை எடுத்துக்கொண்டு நின்றோம். அதிகாரி அதைப் படித்துவிட்டு மெதுவாக மடித்துத் திருப்பித் தந்தார். அவர் மீது குற்றமில்லை, பிழை எங்கள் கடதாசியில் இருந்தது.

பெரியவருக்கு மனைவி, மூன்று ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். பராயிள் கணக்கு ஓதியவன் நான். இரவில் குப்பி விளக்கில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி, ஆணுக்கு இரண்டு பெண்ணுக்கு ஒன்று என்ற விதத்தில். காணியை 72 பங்காக்கினால் மனைவிக்கு 9, ஒவ்வோர் ஆண் மகனுக்கும் 14, ஒவ்வொரு பெண் மகளுக்கும் 7. அப்போது மூத்த மகன், "நான் எழுதித் தாறேன், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். ஆனால் அவர் தன் கையால் எழுதித் தரக் கூடியது 72 இல் 14 மட்டுமே! மற்ற 58 பங்குக்கும் மற்ற ஆறு பேரும் கையெழுத்து வைக்க வேண்டும். இளைய மகள் குவைத்தில் வீட்டுப் பணிப்பெண். அவருடைய அற்றோணித் தத்துவம் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேலாகியது. இன்னொரு மகன் அன்றைய சந்தை விலைக்கு வித்தியாசம் கேட்டார். மின் நிலையத்தின் வேலை 2006 இல் தொடங்கியதிலிருந்து காணி விலை ஏறிக்கொண்டே இருந்தது, அவரைக் குறை சொல்லவும் முடியாது. உம்மாவின் காப்பு இரண்டும் போய், 2010 இல் உறுதி கைக்கு வந்தது. அதற்கிடையில் பட்டியல்கள் எல்லாம் முடிந்துவிட்டன. எங்கள் வீடு எங்கள் சம்பளத்தில், வருடத்துக்கு ஓர் அறையாக எழும்பிய வீடு.

ஆகவே, கட்டாரில் இருந்து காணி பார்ப்பவர்களுக்குச் சொல்கிறேன். தரகர் காட்டும் வர்ணப் படத்தைப் பார்க்காதீர்கள். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துப் பதிவை உங்களுடைய நொத்தாரிசைக் கொண்டு தேடுவியுங்கள், விற்பவருடைய நொத்தாரிசைக் கொண்டல்ல. மௌத்தானவரின் காணியென்றால் அவருடைய பெண் மக்கள் எங்கே என்று முதலில் கேளுங்கள்; பெரும்பாலும் அவர்களைத்தான் மறந்திருப்பார்கள். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்ட அரச காணியானால், பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அதை எவரும் உங்களுக்கு விற்க முடியாது. கடற்கரைப் பக்கத்தில் "சுற்றுலாவுக்கு ஏற்ற துண்டு" என்று காட்டுவார்கள். கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கவும், காற்றில் பட்டம் கட்டிக் கடலில் சறுக்கவும் வெள்ளைக்காரர்கள் வருவது உண்மை. ஆனால் கடல் உயர்மட்டக் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கரையோர வலயம். அங்கே கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும்.

இவ்வளவும் கடதாசி விஷயம். கடதாசி சரியாக இருந்தும் பிழைத்துப்போன ஒரு விஷயத்தை இனிச் சொல்ல வேண்டும். அதை எழுத எனக்குக் கூச்சமாகவும் இருக்கிறது.

எங்கள் மூன்றாவது பிள்ளை பிறந்த சமயம். வீட்டுக்கு வந்த குடும்ப நலச் சேவை மாது, "தாய்ப்பால் மட்டுமே குடுங்க. எந்தக் காரணத்துக்கும் இந்தக் கிணத்துத் தண்ணியில மாப்பால் கரைச்சிக் குடுத்திராதீங்க" என்று என் மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். "கொதிக்க வச்சுக் குடுத்தாலுமா மிஸ்?" என்று இவர் கேட்டதற்கு, "கொதிக்க வச்சா இன்னும் கூடும்" என்றாராம்.

எனக்கு இது புதினமாக இருந்தது. விசாரித்ததில் விளங்கியது இதுதான். இந்த மணல் நாக்கின் கீழே உப்பு நீர். அதன் மேல் மழை தந்த நன்னீர் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்தப் படையில்தான் வாய் வைத்திருக்கின்றன. மணல் எதையும் தடுக்காது. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் வாரி இறைக்கும் யூரியாவும், மலக்குழியிலிருந்து கசிவதும் நைத்திரேற்றாக மாறி அந்தப் படைக்குள் இறங்கிவிடும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் ஆவியாகும், அது அப்படியே நிற்கும். லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அதற்கு மேல் போனால் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டு செல்லும் சக்தியை இழக்கக் கூடும். பிள்ளை நீலம் பாரித்துப் போகும். கற்பிட்டித் தீபகற்பத்தில் பல கிணறுகளில் இந்த அளவு தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையே ஐம்பது அடியாவது இருக்க வேண்டும் என்பது சுகாதாரப் பரிசோதகர்கள் வழமையாகச் சொல்லும் கணக்கு. ஒரு பேர்ச் என்பது இருநூற்று எழுபத்திரண்டே கால் சதுர அடி. அப்படியானால் பத்துப் பேர்ச் சதுரமான துண்டின் ஒரு பக்கம் எவ்வளவு? ஐம்பத்திரண்டு அடி. நான் கடதாசியில் கணக்குப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். என் காணியின் ஒரு மூலையில் கிணற்றையும் எதிர் மூலையில் குழியையும் வைத்தால் எனக்குத் தப்பலாம். ஆனால் எனது எதிர் மூலை என்பது பக்கத்து வீட்டுக்காரனின் கிணற்றடி அல்லவா? முன்பு ஓர் ஏக்கரில் அறுபது சொச்சம் தென்னையும் ஒரு வீடும் ஒரு கிணறும் இருந்தன. இப்போது அதே ஏக்கரில் ஒழுங்கை போகப் பதின்மூன்று பதினான்கு துண்டு. பதினான்கு கிணறு, பதினான்கு குழி. நகரத்துத் துண்டை வெட்டினார்கள், நகரத்துக் குழாயைப் போடவில்லை.

அன்று அஸருக்குப் பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனேன். எங்கள் கிழக்கு வேலிக்கு அப்பால் சிலாவத்துறையிலிருந்து வந்த ஒரு விதவைத் தாய், மகளுடனும் பேரப்பிள்ளைகளுடனும் இருக்கிறார். எங்கள் குழி அவருடைய கிணற்றிலிருந்து பத்தொன்பது அடி. எங்கள் கிணற்றிலிருந்து நாற்பத்தாறு அடி. வீடு கட்டும்போது மேசன் பாஸ், "உங்கட கிணத்துக்குத் தூரமா வச்சிட்டேன் ஹஸரத்" என்று சொன்னதும் நான் சந்தோஷப்பட்டதும் நினைவுக்கு வந்தது. ஒன்பதாம் வகுப்புக்கு அண்டை வீட்டாரின் உரிமைகள் என்று பாடம் நடத்துகிறவன் நான்! வேலிக்கு அந்தப் பக்கம் அந்தத் தாய் என் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார்.

"என்ன மௌலவித் தம்பி, வேலிய அளக்கிறீங்க? எல்லையில ஏதும் பிழையோ?"

"எல்லை சரி மாமி. குழிதான் பிழை" என்றேன்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தன்னுடைய குழி எங்கே இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தார். அது ராத்தாவின் மருமகன் புதிதாக வெட்டிய கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்தது. பிறகு இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒழுங்கையில் ஐந்து குடும்பங்கள் கூடிப் பேசினோம். பேச்சு சுலபமாக முடிந்துவிட்டதென்று நினைக்க வேண்டாம். ஆறு மாதம் இழுத்தது. "இவ்வளவு காலமாக் குடிச்சோமே, யார் செத்தது?" என்றவரும் உண்டு. "என்ட கிணத்த நான் ஏன் மூடணும்?" என்றவரும் உண்டு. கடைசியில் ஒழுங்கையின் தலைப்பில், தோட்டமும் வீடுகளும் இல்லாத பக்கமாக, இன்னும் பிரிக்கப்படாத தென்னங்காணியின் சொந்தக்காரரிடம் இரண்டு பேர்ச் கேட்டோம். உள்ளூர்க்காரர். 1990 இல் சோற்றுச் சட்டியோடு கரையில் நின்றவர்களில் ஒருவருடைய மகன். அரை விலைக்குத் தந்தார். இந்த முறை நொத்தாரிசு, நில அளவையாளர், சாட்சிகள் எல்லாம் முறைப்படி. அதில் ஒரு பொதுக் கிணறு, ஒரு தாங்கி, ஐந்து வீட்டுக்கும் குழாய். வீட்டுக் கிணறுகள் கழுவவும் மரத்துக்கு ஊற்றவும் மட்டும். குழிகளுக்குப் பதிலாக அடி பூசிய இரண்டறைத் தாங்கிகள். தண்ணீரை வருடத்துக்கொரு முறை பரிசோதனைக்கு அனுப்புகிறோம். அளவுக்குள் நிற்கிறது. தோட்டங்களின் உரம் நெருங்கி வந்தால் என்னவாகும் என்று அல்லாஹ்வே அறிவான். அதற்கு எங்கள் நாடாவினால் ஒன்றும் செய்ய இயலாது. மழலைகள் இருக்கும் வீடுகளில் இப்போதும் சுத்திகரித்த தண்ணீரைக் கலனில் வாங்குகிறார்கள்.

இதிலே ஒரு சங்கடம் வந்தது. கிணற்றுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு பத்துப் பேர்ச் துண்டு இருக்கிறது. யாரோ வெளியூரவர் 2012 அளவில் வாங்கி, முட்கம்பி வேலியும் இரும்புப் படலையும் போட்டு, பூட்டுப் போட்டுவிட்டுப் போனவர் போனவர்தான். குழாயை அதன் ஓரமாகக் கொண்டு போக ஒரு வார்த்தை சம்மதம் கேட்க ஆளைத் தேடினோம். தரகருக்கே அவருடைய இலக்கம் மாறிப் போயிருந்தது. காணிக்குள் நாயுருவியும் பொலித்தீனும் பாம்பும். குழாயைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோக நாங்கள் மேலதிகமாக இருநூறு அடிக்குச் செலவழித்தோம். அந்த மனிதர் எங்களுக்கு ஒரு கெடுதியும் நினைத்தவரல்லர். அவர் வெறுமனே காணியை "எடுத்துப் போட்டவர்".

அதே வேலியால் இன்னொன்றும் நடந்தது. வாப்பா 2014 இல் இங்கேயே வபாத்தானார். எங்கள் ஒழுங்கை உறுதியில் பத்தடி. நிலத்தில் ஆளுக்கு அரையடி அரையடியாக வேலி தள்ளி ஏழடியாகியிருந்தது. அந்தப் பூட்டிய காணியின் மூலையில் சந்தூக்கைத் திருப்ப முடியவில்லை. முள்ளுக்கம்பி ஒரு பக்கம், எங்கள் மதில் மறுபக்கம். நான்கு பேர் தூக்கி உயர்த்தி, ஒரு பக்கம் சரித்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வெளியே எடுத்தோம். எங்கள் மதிலும் அரையடி வெளியே வந்துதான் இருந்தது. அடுத்த மாதமே நான் அதை உடைத்து உள்ளே கட்டினேன். மற்றவர்களும் ஒவ்வொருவராக வேலியைப் பின்னுக்கு எடுத்தார்கள், அந்தப் பூட்டிய காணியைத் தவிர.

வாப்பாவின் தலையணைக்குள் இருந்த எருக்கலம்பிட்டி உறுதி இப்போது என்னிடம் இருக்கிறது. யுத்தம் முடிந்த பிறகு நானா ஊருக்குத் திரும்பிப் போய்விட்டார். பழைய வீட்டின் அத்திவாரம் மட்டும் மிஞ்சியிருந்தது; அதன் மேலேயே புது வீடு கட்டியிருக்கிறார். நோன்புப் பெருநாளைக்கு நாங்கள் அங்கே போவோம், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு அவர்கள் இங்கே வருவார்கள். "எப்ப ஊருக்கு வாறாய்?" என்று நானா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். என் பிள்ளைகளுக்கு ஊர் என்றால் இந்த மணல்தான். மூத்த மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்பும்போது "நிரந்தர முகவரி" என்ற இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் அங்குள்ளதைச் சொல்வதா இங்குள்ளதைச் சொல்வதா என்று யோசிப்பதற்குள் அவள் இங்குள்ளதை எழுதிவிட்டாள். வாப்பா சொன்னது பலித்துவிட்டதோ என்று எனக்கு இருந்தது. ஆனால் வாப்பாவே இங்குதானே அடங்கியிருக்கிறார்.

மகளுக்கும் பேச்சுகள் வரத் தொடங்கியிருக்கின்றன. "அந்தப் பத்துப் பேர்ச்ச ரெண்டாப் பிரிச்சு அஞ்ச மகளுக்கு எழுதிரலாமே ஹஸரத்" என்கிறார் தரகர். ஐந்து பேர்ச்சில் ஒரு வீடு, ஒரு குழி. நான் இன்னும் பதில் சொல்லவில்லை. வீடு கேட்காத மாப்பிள்ளை வரட்டும் என்று மனைவி சொல்கிறார். நம்முடைய சமூகத்தில் அது எந்த வருடம் என்று எனக்குத் தெரியாது.

கட்டார் மாணவர் சென்ற விடுமுறைக்கு நேரிலேயே வந்துவிட்டார், மனைவி மக்களோடு. ஒழுங்கைக்கு அப்பால் பிரித்துப் போட்டிருக்கும் தோட்டத்தில் ஒரு துண்டைத் தரகர் காட்டினார். கிழக்குப் பார்த்த வாசல், தென்னை இரண்டு, மின்சாரக் கம்பம் பக்கத்தில் என்று தரகர் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் மாணவரைக் கையில் பிடித்து, அந்தத் துண்டைச் சுற்றியுள்ள நான்கு வீடுகளுக்கும் அழைத்துப் போனேன். ஒவ்வொரு வீட்டிலும் ஸலாம் சொல்லி, தேத்தண்ணி குடித்து, "உங்கட குழி எங்க, கிணறு எங்க?" என்று கேட்டோம். மூன்றாவது வீட்டுக்காரர் சிரித்தார். "காணி பாக்க வந்தவங்க இதுவரைக்கும் எங்கள யாரும் பாக்க வந்ததில்ல" என்றார்.

மாணவரின் மனைவி நாடாவின் ஒரு நுனியைப் பிடித்தார், நான் மறு நுனியை. அவர் தரகர் தந்த வர்ணப் படத்தைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் அடிக் கணக்கைக் குறித்துக்கொண்டிருந்தார்: இருபத்தேழு, முப்பத்து மூன்று, பதினெட்டு. தரகர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாலாவது வீட்டுக்குப் போகுமுன் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டது.